நாதஸ்வரம் மாடியில் மட்டும்

"ஏம்ப்பா கலீலு, பட்டனை இங்க அமுத்துனா மாடியில மட்டும் நாதஸ்வரம் கேக்கோணும். ரிசப்ஷன்ல மூச்சு சத்தங்கூட வரக் கூடாது. ஆகுமா?"

பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமிக்கு அந்த வாரம் முழுக்க ஒரே கவலை. பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் பாதுகாப்பு ஆடிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் வரப் போகிறார். எமர்ஜென்சி வாசலை அடைத்து அடுக்கியிருக்கும் துணி பண்டல்கள் கண்ணில் பட்டால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் கம்பெனி போச்சு.

"ஆகுங்க முதலாளி" என்றான் நெட்வொர்க் வேலை பார்க்கும் கலீல். "எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பினா தண்டோரா போட்ட மாதிரி. தனித்தனியா அனுப்பினா லைன் திணறிப்போயிரும். இது மல்டிகாஸ்ட்டுங்க. நாம அனுப்பறது ஒரே தடவை. எந்த ஸ்பீக்கர் குரூப்புல சேர்ந்திருக்குதோ, அதுக்கு மட்டும் நடுவுல இருக்கற சுவிட்ச் பெட்டி காப்பி எடுத்துக் குடுத்துரும்."

"யாரு யாரு சேர்ந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியுமா?"

"அனுப்பறவங்களுக்கு அது தெரியாதுங்க. யாரு வேணும்னாலும் சேர்ந்துக்கலாம்."

"தெரியாம இருக்கறதுதான் நல்லது! எவனாச்சும் கேட்டாக்கூட எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிக்கலாம்."

அப்போது சூப்பர்வைசர் மருதாள் படியிறங்கி வந்தாள். "பாட்டு வந்துதுன்னா மாஸ்க் மூக்குக்கு ஏறிரும், பண்டல் பின்கட்டுக்கு ஓடிரும். எல்லாத்துக்கும் சொல்லிட்டனுங்க. அப்புறம், செக்கிங்குக்குப் புதுசா மதுமதின்னு ஒரு புள்ள காலையில குண்டடம் பக்கமிருந்து வர்ற கம்பெனி வேன்ல வந்திருக்குது. ஆதார் கார்டை நாளைக்குத் தர்றேங்குது."

"ஆளே கிடைக்காத ஊருல வந்தவளை உட்கார வெய்யி. விசாரணையெல்லாம் பொண்ணு பாக்கப் போறப்ப வெச்சுக்கலாம்."

அன்று கலீல் பட்டனை மாட்டி முடித்த கையோடு, பதினோரு மணிக்கு ஆடிட்டர் இளங்கோ வந்தே விட்டான். மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி இருந்தது. லிங்கசாமி மேஜைக்கடியில் முழங்காலால் பட்டனை அமுக்கினார். ரிசப்ஷனில் ஃபேன் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. கலீல் கெட்டிக்காரன்தான் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

"டீ சாப்புடுங்க தம்பி."

"சாப்பிடலாங்க. என்ன அவசரம்?"

டீக்குப் பின் இளநீர் வந்தது. அதுவும் முடிந்ததும் லிங்கசாமி காங்கேயம் காளை வாங்கிய கதையை, காளை பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். இளங்கோ கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். கதை எங்காவது தொய்ந்தால், "அப்புறம் என்னாச்சுங்க?" என்று அவனே எடுத்துக் கொடுத்தான். பாவம், பால் மணம் மாறாத பிள்ளை என்று லிங்கசாமிக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

"இப்ப மேல போலாமுங்களா?" என்றார் ஒருவழியாக.

மாடி கோயில் பிரகாரம் மாதிரி சுத்தமாக இருந்தது. எமர்ஜென்சி வாசலில் ஒரு நூல்பிசிறு கிடையாது. எல்லார் மூக்கிலும் மாஸ்க்.

"நம்ம கம்பெனி எப்பவுமே இப்படித்தானுங்க" என்று லிங்கசாமி நெஞ்சை நிமிர்த்தினார்.

இளங்கோ வாசல் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் செக்கிங் மேஜைக்குப் போய், டி-ஷர்ட்டில் நூல்பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்ணின் முன் பணிவாக நின்றான்.

"மதுமதி மேடம், முதலாளியை முக்கால் மணி நேரம் கீழயே உட்கார வெச்சிருந்தேன். போதுங்களா?"

அவள் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"தாராளம் இளங்கோ. நாதஸ்வரத்துல ஆரம்பிச்சு, கடைசி பண்டல் ஓடுன வரைக்கும் வீடியோ எடுத்தாச்சு."