இருபத்து மூன்று கிலோ

"நீ என்கிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கக் கூடாது."

"என்ன?"

"'நீங்களும் வாங்க'ன்னு. கேட்டா கிளம்பிடுவேன். அப்புறம் அம்மாவ யார் பாத்துக்குவா?"

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஜெபசீலன் சொன்னது. அடுத்த வாரம் டாக்டர் யூனிஸ் முதன்முறையாக உகாண்டாவுக்குக் கிளம்புவதாக இருந்தது.

"சரி. நீங்களும் ஒண்ணு கேக்கக் கூடாது. 'போகாதே'ன்னு."

புருஷனும் பெண்டாட்டியும் கை குலுக்கிக்கொண்டார்கள். வேர்க்கடலை விற்றுக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அன்றிலிருந்து ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் தாம்பரம். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு முழுக்க அவள் பொறுப்பு. இங்கே அவள் கணக்கு சாரின் மனைவி.

இருவருமே வாக்கு மீறவில்லை.

இன்று மதியம் இரண்டு மணி. நாலு மணிக்கு ஏர்போர்ட் போக கார் வரும். ஹாலில் வழக்கம்போல் பெட்டி நிறுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஜெபசீலன் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி எடை மெஷின் மேல் ஏறுவார். பெட்டி மறைப்பதால் முள் அவருக்குத் தெரியாது. யூனிஸ் தரையில் உட்கார்ந்து படித்துச் சொல்வாள். அதிலிருந்து அவர் எடையைக் கழித்தால் பெட்டியின் எடை.

முதல் வருடம் அறுபத்திரண்டைக் கழித்தார்கள். இப்போது எழுபத்தொன்று. எந்த வருடம் என்பதை அவர் எடையை வைத்தே அவள் சொல்லிவிடுவாள்.

"தொண்ணூத்தி நாலு."

"கழி."

"இருபத்தி... ரெண்டு?"

"மூணு. கத்தி பிடிக்கிற கையை நம்பி பொம்பளைங்க படுக்கிறாங்க. கழித்தல் வரலையே, டாக்டரம்மா."

இரண்டு பெட்டி முடிந்தது. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பெட்டிதான், தலா இருபத்து மூன்று கிலோ.

கடைசியில் தோற்பது எப்போதும் குல்லாய்கள்தான். சபைப் பெண்கள் பச்சைக் குழந்தைகளுக்காகப் பின்னிக் கொடுக்கும் கம்பளிக் குல்லாய்களில் பாதி, எடை தாண்டி இங்கேயே தங்கிவிடும். 'எல்லாம் போச்சா சார்?' என்று அவர்கள் கேட்கும்போது, கணக்கு சார் ஆறு மாதம் பொய் சொல்லுவார்.

இந்த முறை அவர் மூன்றாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்னங்க?"

"குல்லாய். நூத்தி நாப்பது. ஒண்ணு விடாம."

"ஏத்த மாட்டாங்க."

"ஏத்துவாங்க. முள்ளப் பாத்துப் படி."

அவள் படித்தாள். மனம் அதில் இல்லை.

மாமியார் செல்லம்மா போன டிசம்பரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மே மாதம் இவர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். ஏரிக்கரையில் சொன்ன காரணம் இப்போது இல்லை. கேட்டுவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும், "சாம்பாருக்கு முருங்கைக்காய் போடவா?" என்றுதான் வந்தது.

ரயில் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டுவதற்குள், வீட்டைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை கேட்கிற மனிதர். கேட்டு, அவர் ஒரு நிமிடம் தயங்கிவிட்டால்? அந்தத் தயக்கத்தை ஆறு மாதம் தனியாகச் சுமக்க அவளால் முடியாது.

ஜெபசீலன் நாலாவது பெட்டியோடு நின்றார்.

"விளையாடுறீங்களா? நேரம் ஆகுது. திறங்க, எதையாவது எடுக்கலாம்."

"நீயே திற."

ஜிப்பை இழுத்தாள். மேலே கட்டம் போட்ட லுங்கி. அவருடையது. அதன் கீழ் சவர செட், வாசிக்கும் கண்ணாடி, ஒரு டஜன் சாக்பீஸ் பாக்கெட். ஓரத்தில் ஒரு மஞ்சள் நிறச் சிறு புத்தகம்.

அதே மாதிரி ஒன்று அவள் கைப்பையிலும் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கான சான்று. அது இல்லாமல் உகாண்டாவில் இறங்க முடியாது. ஊசி போட்டுப் பத்து நாள் ஆகாமல் செல்லாது.

பிரித்தாள். ஜெபசீலன் தாவீது. தேதி, மூன்று வாரங்களுக்கு முன்னால்.

அவள் தரையிலிருந்து எழவில்லை.

"டிக்கெட்?"

"மிஷன் ஆபீஸ் ஜாஸ்மின் போட்டுக் குடுத்துச்சு. உன் பக்கத்து சீட்டு."

"அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

"அங்க நர்சிங் படிக்கிற பிள்ளைங்களுக்கும் கழித்தல் வரலைன்னு நீதான போன்ல சொன்ன."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ கேக்கலையே."

"பத்தொன்பது வருஷமா கேட்டுகிட்டுதாங்க இருக்கேன்."

"மனசுல கேட்டா எனக்கு எப்படி விழும்? வாயத் திறந்து கேளு. அதக் கேக்காம நான் மெஷின்ல ஏற மாட்டேன்."

அவள் வாயைத் திறந்தபோது, விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று கூரைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. தாம்பரத்துக்காரர்கள் செய்வதைப் போலவே இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, அது போய் முடியும்வரை ஒருவரையொருவர் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

சத்தம் ஏரிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலாவது பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஏங்க," என்றாள். "நீங்களும் வாங்க."