நாலேகால் மணி நேர வீடியோ

முத்துராணி ஏற்றிய வீடியோவின் நீளம் நாலேகால் மணி நேரம். அதில் பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. தச்சநல்லூரில் அவள் வீட்டுக்கு எதிரே நாலைந்து பேர் சாக்கடை வாறுகாலுக்கு மேல் கான்கிரீட் மூடி போடுகிறார்கள். அவ்வளவுதான்.

"இதை எவன் மதினி உக்காந்து பாப்பான்?" என்றான் கொழுந்தன் பெருமாள்ராஜ்.

கேட்க அவனுக்குத் தகுதி இருந்தது. அருவி, ஆறு, பரோட்டாக் கடை என்று ஒரு நிமிட வீடியோவாகப் போட்டே நாற்பதாயிரம் பேரைச் சேர்த்தவன். முத்துராணிக்குச் சேனல் தொடங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

அவள் பீடி சுற்றுகிறவள். மடியில் புகையிலைத் தூள் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு, கை பாட்டுக்கு இலையைச் சுருட்ட, வாய் பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் பேசுவாள். மாமியார் சண்டை முதல் ரேஷன் கடை வரை எல்லாம் வரும். அதை அப்படியே ஏற்றிவிடுவாள். கேட்பவர்களும் பெரும்பாலும் பீடி சுற்றுகிற பெண்கள்தான். கையில் இலையும் தூளுமாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஒருதரம் போனைத் தள்ளிக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஒருதரம் போட்டால் வேலை முடிகிறவரை ஓட வேண்டும். நீளமாக இருந்ததாலேயே அந்தச் சேனல் மூவாயிரம் பேரைத் தொட்டிருந்தது.

இப்போது அதற்கும் வந்தது கேடு. மிக்சர் மெஷின் இரைச்சலை நாலு மணி நேரம் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? "என்னக்கா ஆச்சு உங்களுக்கு" என்று எழுதிவிட்டு முப்பது நாற்பது பேர் கழன்றுகொண்டார்கள்.

பெருமாள்ராஜுக்கு மனசு கேட்கவில்லை. வீடியோவை எடுத்துவிடச் சொன்னான். இல்லையென்றால் முப்பது விநாடியாக வெட்டி, பாட்டுப் போட்டுத் தருவதாகச் சொன்னான். இதே மாதிரி இன்னும் ரெண்டு ஏற்றினால் சேனல் படுத்துவிடும் என்று பயமுறுத்தியும் பார்த்தான்.

"படுத்தா படுக்கட்டும். ஒரு விநாடிகூட வெட்ட மாட்டேன்."

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இதே இடத்தில் போட்ட மூடி ஒரே மழையில் உள்ளே போய்விட்டது. எதிர்வீட்டு பூதலிங்கம் அண்ணாச்சி அதில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். முத்துராணி உடைந்த இடத்தை ஒரு நிமிடம் படம்பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். வேண்டிய இடத்தை வெட்டி ஒட்டிக் கதை கட்டுகிறாள் என்று கான்ட்ராக்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். தெருவே அதை நம்பியது. கால் ஒடிந்த மனுஷன் கண்ணெதிரே கிடக்க, நம்பியது. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வருஷமும் அதே கான்ட்ராக்டர். காலை பத்தரைக்கு ஆட்கள் வந்து இறங்கியதுமே ஜன்னலில் போனை வைத்து, சார்ஜரையும் சொருகிவிட்டுச் சுளகோடு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போய் வந்தபோதும் போன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மிக்சர் வண்டி கிளம்பிப் போன பிறகுதான் நிறுத்தினாள். அன்றைக்கே முழுதாக ஏற்றிவிட்டாள்.

மூன்றாம் நாள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பாக்கியசீலன். கையில் அரைக் கிலோ அல்வா.

பெருமாள்ராஜ் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டான். முத்துராணி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

தங்கச்சியின் பேச்சைத் தன் வீட்டில் எல்லாரும் விரும்பிக் கேட்பார்கள் என்று தொடங்கினார் பாக்கியசீலன். அப்புறம், வேலை பார்த்தவர்கள் முகமெல்லாம் தெரிகிறது, அவர்களுக்குச் சங்கடம் என்றார். அப்புறம், இவ்வளவு நீள வீடியோவால் சேனலுக்குத்தான் கெடுதல் என்று அக்கறைப்பட்டார்.

"நானும் அதத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி," என்று தலையை ஆட்டினான் பெருமாள்ராஜ்.

"எடுக்க முடியாது," என்றாள் முத்துராணி.

பாக்கியசீலன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பைய ஆரம்பித்தார்.

"முழுசா எடுக்க வேண்டாம் தங்கச்சி. கொஞ்சூண்டு வெட்டுனாப் போதும்."

"எந்த இடத்தை?"

"நீங்கதான் பாத்திருப்பியளே. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பதினேழு நிமிஷம். பூதலிங்கம் வாசல்ல கம்பி பத்தாமப் போயி, கம்பி இல்லாமலே கான்கிரீட்டக் கொட்டுனாங்கல்லா, அங்கன மட்டும். முதலாளி ரெண்டு தரம் முழுசாப் போட்டுப் பாத்துட்டாரு. மத்த இடமெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்னாரு."

பெருமாள்ராஜின் தலையாட்டல் நின்றது. அவன் எழுந்து வந்து மதினியின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

முத்துராணி சுளகை இறக்கி வைத்தாள். அல்வாப் பொட்டலத்தை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அதை உடைச்சுட்டுக் கம்பி கட்டிப் போடச் சொல்லுங்க. அந்த வேலையையும் முழுசா எடுத்து ஏத்துவேன்."

பாக்கியசீலனுக்கு முகம் கறுத்துவிட்டது. "எல்லாத்தையும் பாத்து வச்சுக்கிட்டுத்தான் இப்படிப் பேசுதிய, என்ன?"

"இல்ல அண்ணாச்சி. நாலேகால் மணி நேரம் உக்காந்து பாக்க எனக்கு எங்க நேரம்? நான் அதை இன்னும் பாக்கவே இல்ல."