ஈரத்துணிச் சத்தியம்

பிள்ளைக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்சப் பணத்தை ஆதிகேசவன் கட்டவில்லை. கட்டிவிட்டேன் என்று சொன்னான். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். சனிக்கிழமை கூலி. "கூலி வாங்கின கையோட போய் பத்மினி கையில குடுத்துக்கினுதான் இருக்கறேன்" என்று சித்தூர் கோர்ட்டில் துணிந்து சொன்னான். கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது ஏது?

அவனைப் பிரிந்து, மகளோடு கங்காதர நெல்லூரில் தாய்வீட்டில் இருக்கிற பத்மினி, கோர்ட் வாசலிலேயே மடக்கினாள்.

"இதையே காணிப்பாக்கத்துல வந்து சொல்லுவியா?"

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்றேன்" என்றுவிட்டான். வேறென்ன சொல்வான்?

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் பண்ணினால் வழக்கு முடிந்தது. பொய்ச் சத்தியம் பண்ணினவனை அவர் பார்த்துக்கொள்வார்.

நாள் குறித்த மறுநாளே, ஓடுகிற தறியிலிருந்து, ஊடுநூல் கொண்டு போகிற நாடாக்கட்டை தெறித்தது. ஆதிகேசவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி விழுந்தது.

பக்கத்துத் தறி முனிசாமி சிரித்தான். "பிள்ளையாரு அளவெடுக்கறாரு ஆதி. அடுத்த வாட்டி தப்பாது."

"மூடிக்கினு உன் தறிய ஓட்டுடா."

வாய் சொன்னது. உடம்பு கேட்கவில்லை. சோற்றில் கை வைத்தால் எதிரே யாரோ உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது. தறி நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. காதுக்குள் 'பொய், பொய்' என்று அடித்துக்கொண்டே இருந்தது.

சத்தியத்தன்று நல்ல வெயில். குளத்துப் படியெல்லாம் ஜனம். மகள் பிரீத்தி வந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, பொய் சொன்னவங்க செத்துடுவாங்களாமே?"

"யாரு சொன்னது?"

"ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்க. சாவப் போறது நீயா, அம்மாவா?"

விரலை உருவிக்கொண்டான்.

"முந்து எவரு? யாரு மொதல்ல?" என்று கோயில் ஆள் அவசரப்படுத்தினான்.

ஆதிகேசவன் இறங்கினான். கடைசிப் படி தாண்டித் தண்ணீரில் ஒரு கால் வைத்தான். உச்சி வெயிலில் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. கணுக்காலை ஒரு கை பற்றிய மாதிரி இருந்தது. சுற்றியிருந்த ஜனச் சத்தம் சட்டென்று அறுந்து போயிற்று. அடுத்த கால் வரவில்லை.

பத்மினி அவனைத் தாண்டி இறங்கினாள்.

முழுகினாள். தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு சலனம் இல்லை. வரவே மாட்டாளோ என்று ஆகிவிட்டது அவனுக்கு.

வந்தாள். நெற்றிக் குங்குமம் கரைந்து போயிருந்தது. அந்த வெறும் நெற்றியைப் பார்த்ததும், தான் செத்து நாளாகிவிட்டது போல அவனுக்குத் தோன்றியது.

சொட்டச் சொட்டச் சன்னதியில் போய் நின்றாள்.

"அவரு பணம் குடுத்தது நெசம். வாங்கிக்கினு இல்லைன்னு சொன்னது நான். சாமி சத்தியம்."

கூட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது.

"த்தூ! இதெல்லாம் ஒரு பொம்பளையா?"

"பாவம்யா அந்த ஆளு. கோர்ட்டு கோர்ட்டா இழுத்துட்டாளே!"

கூட வந்த அவள் அண்ணன் வெங்கட் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். பிரீத்தி மட்டும் நகரவில்லை. அம்மா கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று.

ஆதிகேசவன் ஜெயித்துவிட்டான். ஜெயித்தவன் மண்டபத்து ஓரம் அவளைப் பிடித்தான்.

"இன்னாத்துக்குடி இப்படிப் பண்ணே? நான் ஒரு பைசா குடுக்கலியே!"

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம்?"

"நாள் குறிச்சதுலேருந்து இவ சோறு துன்னல. 'நைனா செத்துடுமா, நைனா செத்துடுமா'ன்னு ஒரே பாட்டு. நீ வாய்கூசாம சத்தியம் பண்ணிடுவே. பண்ணவிட்டுட்டு அப்புறம் இவளுக்கு இன்னா பதில் சொல்றது?"

"உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

பத்மினி கூந்தலைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "ஆவட்டும். இவள நீயே வச்சிக்கினு வளத்துப் பாரு. மாசத்துக்கு எவ்ளோ ஆவுதுன்னு அப்ப தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் இருமல் வந்தது. நிற்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. பிரீத்தி வீல் என்று கத்தினாள்.

ஆதிகேசவன் ஓடினான். சட்டையோடு குளத்தில் விழுந்தான். எழுந்து சன்னதிக்குப் போய் அலறினான்.

"பொய்யன் நான்தான் சாமி! ஒரு பைசா குடுக்கல! என்னைப் பாரு! அவள விட்டுடு!"

திரும்பி வந்தபோது இருமல் நின்றிருந்தது. குளத்துத் தண்ணி புரையேறியதுதானோ என்னவோ, யார் கண்டது?

கோர்ட்டிலும் ஒப்புக்கொண்டான். பாக்கி முழுக்கக் கட்டினான். இப்போது மாதம் தவறுவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வாழவில்லை. அது வேறு விஷயம்.

பிள்ளையார்தான் தீர்த்து வைத்தார் என்று நகரியில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். பிள்ளையார் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

தீர்த்து வைத்தது பத்மினி.