காப்பாளர் கையொப்பம்

தனிஸ்லாஸ் ஐந்தரைக்கு எழுந்தான். அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்து வைத்தான். ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டான். முகம் மழித்தான். நேற்றைய சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான்.

இன்பமேரி இறந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. வீட்டில் எதுவும் மாறவில்லை. அதற்கு முந்தைய ஆறு மாதமும் அவன் இப்படித்தான் தனியாக எழுந்து தனியாகச் சாப்பிட்டான். கல்யாணமான இரண்டாம் மாதமே அவள் நர்சிங் படிக்கப் போய்விட்டாள்.

திருபுவனை மில்லில் லீவு சொல்லியிருந்தான். வில்லியனூரில் எட்டு மணி பஸ்ஸில் ஏறிப் புதுச்சேரியில் இறங்கினான். ஹாஸ்டலில் அவளுடைய பெட்டி இருந்தது. வந்து எடுத்துப்போகும்படி கார்டு போட்டிருந்தார்கள்.

கார்டு 'இன்பமேரியின் அண்ணன்' என்று அவனை விளித்திருந்தது.

எழுதியவர்கள் மேல் தப்பில்லை. கல்யாணப் பேச்சு வருமுன்பே அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து, தாலி கட்டி, மறுவீட்டு விருந்தும் முடிந்தபிறகு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. மணமாகாத பெண்களுக்கு மட்டும் என்று அதில் ஒரு வரி. பயிற்சிக் காலத்தில் மணமானது தெரிந்தால் சேர்க்கை ரத்து என்று இன்னொரு வரி.

இரண்டு பேரும் மாறி மாறிப் படித்தார்கள். அவள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன்தான் போ என்றான்.

தகப்பன் இல்லாத பெண். காப்பாளர் வேண்டும் என்றார்கள். பெரியப்பா மகன் என்று அவன் கையெழுத்துப் போட்டான்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, நாலு முதல் ஐந்து வரை, வரவேற்பறையில் பார்க்கலாம். எதிரெதிர் பெஞ்சு. நடுவே வார்டன் மணியம்மாளின் மேசை. தமிழில் படித்து வந்தவளுக்கு எலும்பின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. உள்ளங்கையில் தமிழில் எழுதி வைத்துக்கொள்வாள். அவன் பி.ஏ. படித்தவன். தொடை எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பான். கணவனும் மனைவியும் அந்த ஒரு மணி நேரத்தில் பேசியது பெரும்பாலும் எலும்புகள்தான்.

எந்த உறவும் சொல்லிக் கூப்பிடாமல் பேச அவள் பழகிக்கொண்டாள். சாப்டாச்சா, லீவு கெடச்சுதா என்பாள். அவ்வளவுதான்.

முதல் பரீட்சையில் ஐம்பதுக்குப் பதினெட்டு வந்தது. வார்டில் முதன்முறையாக ஒரு கிழவரின் பிணத்தைத் துடைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டாள்.

ஒரு செமஸ்டர் பார் என்றான் அவன்.

பார்த்தாள். கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. பிறகு கண் மஞ்சளானது. மற்ற பெண்கள் லீவுக்கு ஊர் போய்விட்டார்கள். அடக்கத்துக்கு அங்கிருந்து யாரும் வரவில்லை.

இன்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டான். பெட்டியை வாங்கக் கையெழுத்துப் போடும்போது கணவன் என்று எழுதிவிடுவது. இனி அவளை யார் ஹாஸ்டலைவிட்டு வெளியே அனுப்ப முடியும்?

வார்டன் பெட்டியைத் திறந்து காட்டினாள். இரண்டு வெள்ளைப் புடவை, ஜெபமாலை, நோட்டுகள். ஃபாரத்தை அவன் பக்கம் தள்ளினாள். பெயர், முகவரி, உறவு, கையொப்பம்.

பெயர் எழுதினான். முகவரி எழுதினான்.

வார்டன் பேசிக்கொண்டே இருந்தாள். ரிசல்ட் வந்துவிட்டதாம். இன்பமேரி எல்லாப் பாடத்திலும் பாஸாம். உடற்கூறியலில் ஐம்பத்திரண்டு. திங்கட்கிழமை பலகையில் ஒட்டும் பட்டியலில் அவள் பெயரும் இருக்குமாம். எடுத்துவிடலாமா என்று ஆபீசில் கேட்டதற்கு, எழுதிப் பாஸானது எழுதினவளுக்குத்தான் சொந்தம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டாராம்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். இரண்டாம் வருடத்தில் ஒருத்தி கல்யாணமானதை மறைத்துப் படித்திருக்கிறாள். போன மாதம் தெரிந்துபோனது. படித்த இரண்டு வருட மார்க்கையும் சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள்.

பேனா உறவுக் கட்டத்தில் நின்றது. முனையில் மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது.

வார்டன் அவனைப் பார்த்தாள். "தங்கச்சிக்கு முடிச்சிட்டுதான் உனக்குன்னு இருந்தியாப்பா? இனிமே நீ ஒண்ணு பண்ணிக்க. எத்தினி நாளிக்கி இப்பிடியே இருப்ப?"

அவன் தலையாட்டினான்.

புள்ளியின் மேலேயே 'அண்ணன்' என்று எழுதினான். எழுத்து நன்றாகவே வந்தது.

பெட்டி கனமில்லை. தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தான். வழியில் ஒரு கடையில் சோடா குடித்தான்.

அவளுடைய கடைசிச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே நின்றிருந்தான். பெண்கள் வார்டில் ஆறு மணிக்குமேல் ஆண்கள் இருக்கக்கூடாது. மறுபுறம் வார்டன் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இன்பமேரி பிழைத்துவிடுவாள் என்றுதான் மூன்று பேரும் நினைத்திருந்தார்கள். அவளும்தான்.

அவன் நகராமல் நின்றான். வார்டன் நிமிர்ந்து அவனைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

இன்பமேரி அதைக் கவனித்தாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, வார்டனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பஸ்ஸு பூடும், அண்ணே. நீ கெளம்பு."