அனுபவமுள்ள கேப்டன்

விளம்பரத்தில் 'அனுபவமுள்ள கேப்டன் தேவை' என்று மட்டும்தான் இருந்தது. இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போதே கேப்டனை அவர் மனைவி எச்சரித்திருந்தாள்.

"அந்த விஷயத்தை மட்டும் அங்க போய் உளறி வைக்காதீங்க. ஒரு வருஷமா வீட்ல உட்கார்ந்து எனக்கு ஆர்டர் போட்டது போதும்."

மேனேஜர் முன்னால் கேப்டன் விறைப்பாக உட்கார்ந்தார்.

"கடற்படையில முப்பது வருஷமா?"

"ஆமா சார். சிப்பாய்களை ஏத்திட்டுப் போற கப்பல்."

மேனேஜர் ஃபைலைப் புரட்டினார். "எப்பவாவது கப்பலைத் தரை தட்ட விட்டிருக்கீங்களா?"

கேப்டன் ஃபைலை எட்டிப் பார்த்தார். ஃபைலில் இருப்பதை எப்படி மறைப்பது?

"ஒரே ஒரு தடவை சார். பயங்கரப் பனிமூட்டம். அதுக்குத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." எழுந்துகொண்டார். "நான் வரேன் சார்."

"அட, உட்காருங்க. காலையிலேர்ந்து வந்த ஆறு பேரும் மெடலைக் காட்டினாங்க. ஒருத்தர்கூடக் கப்பலைத் தரை தட்ட விட்டதே இல்லையாம். அவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"புரியலையே சார்."

"நாங்க கப்பலைக் கரையில ஏத்தி, உடைச்சு இரும்பை விக்கிறவங்க. கடற்படை கழிச்சுக்கட்டின பழைய சிப்பாய்க் கப்பல் ஒண்ணை வாங்கியிருக்கோம். அதை முழு வேகத்துல ஓட்டிட்டு வந்து எங்க மணல்ல மோதி ஏத்தணும். போன தடவை வந்தவர் கரையைப் பார்த்ததும் பழக்கதோஷத்துல நடுக்கடலுக்கே திருப்பிட்டார்."

கேப்டன் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட மறைப்பானேன் சார்? அது ஒரு தடவை இல்லை, மூணு தடவை. ரெண்டை ஃபைலுக்கு வராம நான்தான் அமுக்கிட்டேன்."