சிலிண்டருக்குப் பின்னால்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு நாய்க்குட்டியின் கதை சொல்கிறேன். தையற்காரி சௌந்தரி அதைத் தூக்கி வந்த அன்றே வாடகை வீட்டின் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "துணி தைக்க வர்ற யாரையாச்சும் கடிச்சுதுன்னா, அப்புறம் இந்த வீட்ல நாய் இருக்கக் கூடாது."

மிரண்ட நாய்தான் கடிக்கும், நாளுக்கு ஒரு புது ஆளைக் காட்டுங்கள், அதுவாகக் கிட்ட வரட்டும் என்றார் கால்நடை மருத்துவர். சௌந்தரி இதைப் பக்கத்து வீட்டுப் பூங்காவனத்திடம் சொன்னாள். பூங்காவனம் மகளிர் குழுவில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பதினேழு பெண்கள், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவதுபோல, சர்க்கரையும் ஆரத்தித் தட்டுமாக வந்துவிட்டார்கள். ஒருத்தி தூக்கிக் கொஞ்சினாள், ஒருத்தி நெற்றியில் மை வைத்தாள், மற்றவர்கள் குலவை போட்டார்கள். குட்டி கையிலிருந்து நழுவி ஓடி, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது.

"ஒரு ஆளுன்னு சொன்னா ஊரையே கூட்டிட்டு வருவியாடி?"

"கோவிச்சுக்காதக்கா. பதினேழு நாள் வேலை ஒரே நாள்ல முடிஞ்சுதுல்ல?"

எல்லாரையும் விரட்டிக் கதவைச் சாத்திய பிறகும் சௌந்தரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "வெளிய வாடா! வாடான்னா!" என்று சிலிண்டரை ஓங்கித் தட்டினாள். குட்டி நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. பதினெட்டாவது ஆள் தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, சிமெண்டுத் தரையில் நகம் உரசும் சத்தம். இரண்டடி. பிறகு நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை.

உங்கள் வாசலுக்கு வரும் எந்த உயிரும் மிரளாமல் உள்ளே வரட்டும், என் செல்லங்களா.