திருட்டு வாயு

மார்ச் மூன்றாம் தேதி, ஆய்வகத்தின் மாடிக் கருவியில், ஓசோனை அரிக்கும் தடைசெய்யப்பட்ட வாயு மூன்றாவது மாதமாகக் கூடியிருந்தது.

"எவனோ திருட்டுத்தனமா தயாரிக்கிறான். இந்தக் கட்டுரை வந்துட்டா உங்க வேலை நிரந்தரம், மேடம்," என்றார் சக ஆய்வாளர்.

விஞ்ஞானி அசதியோடு நாற்காலியில் சாய்ந்தாள். "ஆள் சிக்கிட்டான்."

"எந்த ஃபேக்டரி?"

"ஃபேக்டரி எல்லாம் இல்ல. கையில பிடிக்கிற வாயு மீட்டரைத் தூக்கிக்கிட்டு காலையிலேருந்து கட்டடம் பூரா அலைஞ்சேன். இந்த ரூமுக்குள்ள வந்ததும் முள் எகிறிடுச்சு."

மூலையிலிருந்த பழைய ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "கசியிறது இதோட வாயுதான். உங்க டிபன் பாக்ஸை வெளிய எடுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் தெரியாதே, மேடம். கமுக்கமா இதைத் தூக்கிப் போட்டுட்டா?"

"எனக்குத் தெரியுமே."

அன்று மாலை, பத்திரிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரையை அவளே திரும்பப் பெற்றாள். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது.